இலண்டனில் ஒரு நேர்த்திக்கடன்

இலண்டன் மாநகரின் தென்பாகத்திலே ரூட்டிங் என்னும் பகுதி இருக்கிறது. நிலக்கீழ் ரயிலிற் சென்று, ரூட்டிங் புறோட்வே நிலையத்திற் படியேறி வெளியே வந்தால், ஏழாம் எட்வேட் மன்னர் சிலையாக நின்று நம்மை வரவேற்கிறார். மன்னரின் காலடியில் நின்று சுற்றிவர நோக்கினால் முருங்கைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் விற்கும் கடைகள்; தமிழ் எழுத்திற் பெயர்ப்பலகைகள்; “என்ன அண்ணை, கன நாளாய்க் காணேல்லை?” என்ற குரல்கள். ஒரு கணம் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நிற்பதாகவே தோன்றும். அடுத்த கணம் சிவப்பு நிற இரட்டைத்தட்டு பஸ் ஒன்று உறுமிக்கொண்டு வந்து அம்மயக்கத்தைத் தெளிவித்துவிடும்.

2025ஆம் ஆண்டு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அம்மா, அக்கா, அத்தான் ஆகியோருடன் அங்கே சென்றிருந்தேன். அப்பர் ரூட்டிங் வீதியிலுள்ள முத்துமாரியம்மன் கோயிலில் அம்மாவின் நேர்த்திக்கடனை நிறைவேற்றுவது எமது நோக்கம். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், மாநகரின் வேறொரு மூலையிலுள்ள வைத்தியசாலையொன்றிலே, நள்ளிரவு கடந்த வேளையில் வைத்த நேர்த்தி அது.

கோயிலில் இருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் சென்ற் ஜோர்ஜஸ் வைத்தியசாலை இருக்கிறது. 1733இல் ஹைட் பார்க் மூலையில் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னாளில் ரூட்டிங்கிற்கு இடம்பெயர்ந்த பழம்பெரும் வைத்தியசாலை. விட்டுவந்த பழைய கட்டடம் இன்று செல்வர்கள் தங்கும் ஹோட்டலாகி விட்டது. அம்மைப்பால் கண்ட எட்வேட் ஜென்னர் இங்கேதான் மாணவராக இருந்தவர். 1796இல் அவர் எந்தப் பசுவினால் வந்த பாலம்மையைக் கொண்டு தம் பரிசோதனையைச் செய்தாரோ, ‘புளொசம்’ என்ற அந்தப் பசுவின் தோலை இன்றும் அங்குள்ள மருத்துவக் கல்லூரி நூலகத்திலே பேணி வைத்திருக்கிறார்கள். அம்மை நோய்க்கு அதிதேவதையான மாரியம்மனும் அம்மை நோயைத் துரத்திய பசுவின் தோலும் ஒரே ஊரிலே குடியிருப்பதைச் சொன்னேன். அம்மா சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அது பசுவல்லோ, பிறகென்ன?” என்றார். அதற்குமேல் விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

இனி அந்த நேர்த்தியின் கதைக்கு வருகிறேன்.

பாடசாலை விடுமுறையுடன் சில நாள் லீவையும் சேர்த்துக்கொண்டு அம்மாவை அழைத்துச் சென்றேன். அம்மாவுக்கு வயது 76. அக்காவை அவர் கண்டு எட்டு ஆண்டுகள். விமான நிலையத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழுது ஓய்ந்த பின், காரில் ஏறியதும் அக்கா என்னிடம் கேட்ட முதற் கேள்வி, “தம்பி, அம்மாவுக்கு இன்சூரன்ஸ் எடுத்தனியோ?” என்பது. எடுத்தேன் என்றேன். “பிரஷர் குளிசை போடுறதைச் சொல்லித்தான் எடுத்தனியோ?” என்பது இரண்டாவது கேள்வி. களைப்பினால் காதில் விழாதவன் போல யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மை யாதெனில், விண்ணப்பத்தில் ‘முன்னர் ஏதேனும் நோய் உண்டா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று நானே நிரப்பியிருந்தேன். உண்டென்று எழுதினாற் பணம் இருமடங்காகும் என்று யாரோ சொன்னார்கள். வகுப்பிலே வாய்மையைப் பற்றி ஒரு தவணை முழுவதும் படிப்பிக்கும் ஒருவன் செய்த வேலை இது.

மறுநாட் காலை அக்கா எம்மைத் தம் குடும்ப வைத்தியரிடம் கூட்டிச் சென்றார். அந்நாட்டில் நோய் கண்டவர்கள் எடுத்த எடுப்பில் விசேட வைத்திய நிபுணரிடம் போவதில்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டிற்கு அண்மையிலுள்ள குடும்ப வைத்தியர் ஒருவரின் இடாப்பிற் பெயர் பதிந்திருக்க வேண்டும். நிபுணருக்கு எழுதுபவர், பரிசோதனைக்கு அனுப்புபவர், மருந்துச் சீட்டுத் தருபவர் எல்லாம் அவரே. பார்ப்பதற்கு அது வைத்தியசாலை போலவே இல்லை. ஒழுங்கையொன்றில் வரிசையாக நிற்கும் வீடுகளுள் ஒன்று. வாசலில் ரோசாச் செடி. உள்ளே பத்துப் பன்னிரண்டு கதிரைகள். ஒருவரோடொருவர் பேசாமல் கால்மாட்டைப் பார்த்தபடி இருக்கும் மனிதர்கள்.

மேசைக்குப் பின்னாலிருந்த பெண்மணி வதிவிடத்தை நிரூபிக்கும் பத்திரம் கேட்டார். வீட்டு முகவரியோடு மின்சாரக் கட்டணச் சீட்டு உண்டா என்றார். எழுபத்தாறு வயது மூதாட்டிக்கு மின்சாரச் சீட்டு எங்கிருந்து வரும்? அக்கா சற்றும் குரலை உயர்த்தாமல், இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு முகவரிப் பத்திரமோ அடையாள அட்டையோ விசாவோ கட்டாயமில்லை என்று எடுத்துரைத்தார். அது சுகாதார சேவையாரே வெளியிட்ட நெறிமுறை. அப்பெண்மணி உள்ளே போய் யாரிடமோ கேட்டுவந்து, மூன்று மாதத்துக்கு மேற்படாத தற்காலிக நோயாளியாக அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டார். குடும்ப வைத்தியரைக் காண்பதற்கு அந்நாட்டில் எவரிடமும் கட்டணம் இல்லை, சுற்றுலாப் பயணியிடமும் இல்லை.

நோயே இல்லாத நேரத்தில் இந்த அலைச்சல் எதற்கென்று நான் சலித்துக்கொண்டேன். “வருத்தம் வந்தபிறகு பதிய ஏலாதடா” என்றார் அக்கா. அவர் அந்நாட்டில் முப்பத்தைந்து ஆண்டுகளாக வாழ்பவர்.

அக்கா வீட்டின் மேல்மாடி அறையொன்றில் நம்மூர்ப் பையன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். பல்கலைக்கழகப் படிப்பிற்காக வந்தவன். வயிற்று நோவினால் எட்டு மாதமாக அவதிப்பட்டு, கடையிற் கிடைக்கும் குளிசைகளைப் போட்டுச் சமாளித்து வந்திருக்கிறான். டாக்டரிடம் போனால் பணம் கேட்பார்கள் என்று பயம். ஆனால் அவன் பணத்தை முன்னரே கட்டியிருந்தான்! 2015ஆம் ஆண்டிலிருந்து, ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதற்காக விசாவுக்கு விண்ணப்பிப்போரிடம் பிரித்தானிய அரசாங்கம் சுகாதாரக் கட்டணம் ஒன்றை அறவிடுகிறது. முதலில் அது ஆண்டுக்கு 200 பவுணாக இருந்தது. 2019இல் 400, 2020இல் 624, 2024 பெப்ரவரியில் 1,035. மாணவர்களுக்குச் சற்றுக் குறைத்து 776 பவுண். அத்தனை ஆண்டுகளுக்கும் உரிய தொகையை விசா கேட்கும்போதே ஒரே தடவையிற் கட்டிவிட வேண்டும். கட்டியவர்கள் வைத்தியசாலை வசதிகளையும் அந்நாட்டு மக்களைப் போலவே பெறலாம். அந்தப் பையனின் தகப்பனார் காணி ஈடுவைத்துக் கட்டிய பணம் அது. விசாவுக்கான செலவுகளில் ஒன்றென்று மட்டுமே அவன் அதை நினைத்திருந்தான். இடாப்பிற் பெயர் பதியவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அக்கா அவனையும் அதே வீட்டிற்குக் கூட்டிப்போய்ப் பெயர் பதிவித்தார். குடலிலே புண் இருந்ததாகப் பின்னர் அறிந்தேன்.

நான்காம் நாள் இரவு அம்மாவுக்கு நெஞ்சிலே நோவும் மூச்சு முட்டும் கண்டது. அத்தான் 999 என்ற இலக்கத்துக்கு அழைத்தார். அம்புலன்ஸ் வந்தது, அவசர சிகிச்சைப் பகுதிக்குக் கொண்டுசென்றார்கள். இளம் டாக்டர் ஒருவர் குனிந்து, நெஞ்சைத் தொட்டுக்காட்டி, வலி உண்டா என்று ஆங்கிலத்தில் வினவினார். அம்மா கண்ணை மூடியபடி, “நோ... நோ...” என்றார். டாக்டர் தலையசைத்துவிட்டு ஏதோ எழுதலானார். யாழ்ப்பாணத்து ‘நோ’ ஆங்கிலத்து ‘நோ’ ஆகிவிட்டதை உணர்ந்து நான் பாய்ந்து சென்று விளக்கியிராவிட்டால் என்ன நிகழ்ந்திருக்குமோ, நினைக்கவே உடல் நடுங்குகிறது.

பின்னர் தொலைபேசி மூலம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்துத் தந்தார்கள். அங்கே நோயாளிக்கு மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது வைத்தியசாலையின் கடமை. அதற்குப் பணம் இல்லை. உறவினரை நம்பாமல் அவரையே கேட்டுப் பெறவேண்டும் என்பது அக்காவின் அனுபவம். பிள்ளைகள் தாயின் வருத்தத்தைக் கூட்டியோ குறைத்தோதான் சொல்வார்களாம். வந்தவர் தமிழகத்துப் பெண்மணி. “மூச்சு வாங்குதாம்மா?” என்று கேட்டார். “முட்டு இழுக்குது பிள்ளை” என்றார் அம்மா. மறுமுனையில் மௌனம். “என்ன இழுக்குதும்மா?” என்றது அக்குரல். அந்த நிலையிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கண்டபின்தான் எனக்கு உயிர் வந்தது.

அன்றிரவு அம்மாவை வாட்டில் அனுமதித்தார்கள். நான்கு இரவுகள் இருந்தார். தாதிமாரின் பரிவையும் வாட்டின் துப்புரவையும் எழுதப் புகுந்தால் இக்கட்டுரை நீண்டுவிடும். ஆனால் மறுநாள் முற்பகல் கையில் ஒரு படிவத்துடன் வந்த அம்மையாரைப் பற்றி எழுதாமலிருக்க முடியாது. மிகவும் சாந்தமாகப் பேசினார். அம்மா வழமையாக எங்கே வசிப்பவர், என்ன விசாவில் வந்தார், எப்போது திரும்புவார் என்று கேட்டு எழுதினார். பின்னர், அவசர சிகிச்சைப் பகுதியில் நடந்த சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்றும், வாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட வேளையிலிருந்து கட்டணம் உண்டென்றும், அது வழமையான செலவின் ஒன்றரை மடங்கு என்றும் விளக்கினார். பணத்துக்காக அவசர சிகிச்சையைத் தாமதிக்கமாட்டோம், அஞ்சவேண்டாம் என்றும் சொன்னார். பில் பின்னர் தபாலில் வரும்.

1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் திகதி, அனியூரின் பெவன் சுகாதார மந்திரியாக இருந்த காலத்தில் தொடங்கப்பட்ட சேவை அது. பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைக்கப்போகிறார்கள் என்பதற்காகவே 1951இல் மந்திரிப் பதவியைத் துறந்தவர் அவர். அந்தச் சேவைக்கு யார் உரியவர் என்பதுதான் வெளிநாட்டிலிருந்து செல்வோர் அறியவேண்டிய விஷயம். பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பதனாலோ, ஆயுள் முழுவதும் வரி கட்டியதனாலோ அவ்வுரிமை வந்துவிடாது. அந்நாட்டிலே முறையாகக் குடியிருப்பதுதான் அளவுகோல். அகதியாக விண்ணப்பித்திருப்பவருக்கும் கட்டணம் இல்லை. சுகாதாரக் கட்டணம் செலுத்திய மாணவனுக்கும் இல்லை. மகளைக் காண ஆறுமாத விசாவில் வந்த தாய்க்கு உண்டு. வாட்டில் அம்மாவின் கட்டிலுக்கு இருபுறமும் இருந்த கிழவிகள் அதே நோய்க்கு அதே மருந்தை ஒரு சதமும் கொடாமற் பெற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மீது எனக்குப் பொறாமை இல்லை. அவர்களில் ஒருத்தி தனக்கு வந்த திராட்சைப் பழத்தில் பாதியை அம்மாவுக்குத் தந்தவள்.

பில் வந்தது. தொகையை இங்கே எழுத நான் விரும்பவில்லை. எனது இரண்டு வருடச் சம்பளத்தை ஒரு சதமும் செலவழியாமற் சேர்த்தாலும் எட்டாத தொகை என்று மட்டும் சொல்வேன். காப்புறுதிக் கம்பனிக்கு எழுதினோம். அவர்கள் அம்மாவின் மருந்துச் சீட்டுகளைக் கேட்டார்கள், அனுப்பினோம், ஆறு ஆண்டுகளாகப் பிரஷர் குளிசை எடுப்பவர் நோயில்லை என்று கையொப்பமிட்டதால் ஒப்பந்தம் செல்லாது என்று இரண்டே வரியிற் பதில் எழுதினார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. 500 பவுணும் அதற்கு மேலும் இரண்டு மாதத்துக்குள் கட்டப்படாமல் நின்றால் குடிவரவு இலாகாவுக்கு அறிவிக்கப்படும். அடுத்த தடவை விசா மறுக்கப்படக்கூடும். அத்தான் வைத்தியசாலைக் கணக்குப் பகுதியினருடன் பேசித் தவணை முறையிற் கட்டுவதற்கு ஒழுங்கு செய்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. “நீர் யோசியாதையும்” என்று மட்டும் சொன்னார். கடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ரூட்டிங்கிலிருந்து திரும்பிய அன்று மாலை அத்தான் குசினி மேசையில் சில கடதாசிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு என்னை அழைத்தார். அம்மாவின் பில்லைப் பற்றியாக்கும் என்று எண்ணிச் சென்றேன். அவை அவருடைய பென்சன் கடதாசிகள்.

அத்தான் 1990இல் அகதியாகப் போனவர். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, கடையிற் பகல் வேலை என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்தவர். அந்நாட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தேசியக் காப்புறுதி இலக்கம் ஒன்று உண்டு. அந்த இலக்கத்தின் கீழ்ச் சம்பளத்திலிருந்து பணம் கழிபடும். பத்து ஆண்டுகளேனும் கணக்கில் ஏறியிருந்தால் அரசாங்கப் பென்சன் பெறலாம். முழுப் பென்சனுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் வேண்டும். 2025–26 நிதியாண்டில் முழுத்தொகை வாரத்துக்கு 230 பவுண் 25 பென்ஸ். ஆரம்ப காலத்தில் முதலாளி ஒருவர் கையிற் காசாகவே சம்பளம் கொடுத்தபடியால் நான்கு ஆண்டுகள் அத்தானின் கணக்கில் ஏறவில்லை. அக்காலத்தில் அது தமக்கும் வசதியாகவே இருந்தது என்று அவர் மறைக்காமற் சொன்னார்.

பென்சன் வயது வந்ததும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய எண்ணம். தகப்பன் வழிக் காணியில் சிறு வீடு, ஒரு கிணறு, நாலு தென்னை. ஆனால் கடதாசியில் வேறொரு செய்தி இருந்தது. பிரித்தானியாவிலே வசிக்கும் பென்சன்காரருக்கு ஆண்டுதோறும் தொகை கூடும். விலைவாசி ஏற்றம், சம்பள ஏற்றம், நூற்றுக்கு இரண்டரை ஆகிய மூன்றில் எது கூடவோ அந்த அளவுக்கு உயர்த்துகிறார்கள். அமெரிக்காவிலும் பிலிப்பைன்சிலும் ஜமேக்காவிலும் போய் வசிப்போருக்கும் அவ்வாறே கூடும். அந்த நாடுகளுடன் அதற்கான உடன்படிக்கை இருக்கிறது. இலங்கையில் வசித்தாற் கூடாது. இந்தியாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கூடாது. அங்கே போய்ச் சேர்ந்தபோது எந்தத் தொகையோ, இறக்கும் வரைக்கும் அதே தொகைதான். உதாரணமாக, 2010இல் முழு அடிப்படைப் பென்சனோடு ஓய்வு பெற்று இலங்கைக்கு வந்த ஒருவர் அன்று வாரத்துக்கு 97 பவுண் 65 பென்ஸ் பெற்றார். இன்றும் அதையே பெறுவார். அவரோடு ஒரே நாளில் ஓய்வு பெற்று இலண்டனிலேயே தங்கிவிட்ட நண்பருக்கோ 2025–26இல் 176 பவுண் 45 பென்ஸ். தென்னாபிரிக்காவில் குடியேறிய கார்சன் என்ற அம்மையார் இதை எதிர்த்து வழக்காடினார். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று 2010இல் தோற்றது.

“இங்கை இருந்தால் குளிர், அங்கை போனால் உறைவு” என்றார் அத்தான். நான் சிரிக்கவில்லை; அவரும் சிரிக்கவில்லை. ஊரோடு போய்விட்டால் வைத்தியசாலை உரிமையும் நின்றுவிடும். குடியிருப்புத்தானே அளவுகோல்! மகனைக் காண இலண்டனுக்கு வரும்போது நோய் கண்டால், முப்பது ஆண்டு காப்புறுதிப் பணம் கட்டிய அவரும் அம்மாவைப் போல வருகையாளர்தான். மீண்டும் குடியிருக்கவே வந்தாலொழிய, படிவத்துடன் அந்தச் சாந்தமான அம்மையார் அவரிடமும் வருவார்.

பக்கத்திலிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தம் தந்தையாரின் கதையைத் தொடங்கினார். அவர் மலாயா ரயில்வேயில் லிகிதராக இருந்து ஊர் திரும்பியவர். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ குடும்பங்கள் அக்காலத்தில் மலாயாப் பென்சனில் நிமிர்ந்தவை. கல்வீடுகளும் கிணற்றுக் கட்டுகளும் கோயில் மணிகளும் அந்தப் பணத்தில் எழுந்தவை என்று இன்றும் ஊரில் விரல் நீட்டிக் காட்டுவார்கள். “அப்பு மாசம் பிறந்தால் வேட்டி சால்வையோடை பென்சன் எடுக்கப் போவார். வரேக்கை எங்களுக்கு பிஸ்கற் பெட்டி. அது கூடினதோ குறைஞ்சதோ எங்களுக்குத் தெரியாது” என்றார். அத்தான் கடதாசிகளை மடித்து வைத்துவிட்டு, “அப்பு போனது வேலைக்கு மாமி. நான் வந்தது ஓடி” என்றார்.

நான் புறப்படும் நாளன்று விமான நிலையத்தில் அவர் என்னிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தார். தமக்கு நீரிழிவு உண்டு. ஊரில் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக் எந்தெந்த நாள் நடக்கிறது, குளிசைகள் ஒழுங்காகக் கிடைக்கின்றனவா, வீட்டிலிருந்து போய்வர என்ன வழி என்று விசாரித்து எழுதவேண்டும். பென்சனைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

ஊர் திரும்பிய அடுத்த வாரமே அம்மாவின் கிளினிக் புத்தகத்துடன் வைத்தியசாலைக்குச் சென்றேன். காலை ஐந்தரை மணிக்கே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. முகவரி கேட்டார்கள், பத்திரம் கேட்கவில்லை. பணமும் கேட்கவில்லை. பத்தரை மணிக்கு டாக்டரைக் கண்டோம். இரண்டு குளிசைகள் இருந்தன. மூன்றாவதை வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டுத் தந்தார்கள். இலண்டன் வைத்தியசாலையில் கொடுத்த கடிதத்தை டாக்டர் பொறுமையாக வாசித்து, கிளினிக் புத்தகத்துக்குள்ளேயே ஒட்டிவைத்தார். இவற்றையெல்லாம், நாள், நேரம், வெளியே வாங்கிய குளிசையின் விலை, வாசலில் நிற்கும் ஓட்டோவுக்குக் கொடுத்த காசு உட்பட, அன்றிரவே அத்தானுக்கு எழுதினேன். கடிதத்தின் அடியில் எனது பங்காக முதலாவது தவணைக்கு அனுப்பிய பணத்தின் விபரத்தையும் குறித்தேன். இன்னும் இருபத்தொரு தவணைகள் இருக்கின்றன.